ஆந்தையண்ணையின் நாலாவது சத்தம்

ரொறன்ரோவில் வான்கோழியைப் பேசவைக்கத் தெரிந்த ஒரே தமிழர் ஆந்தையண்ணைதான். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் இருந்தது. வேறு எங்கும் இல்லை.

ஸ்காபரோவில் ஒரு கேக் தொழிற்சாலையில் எங்களுக்கு வேலை. சாப்பாட்டு நேரத்தில் அவர் கழிவறைக்குள் போய் ஆந்தை மாதிரிக் கத்திப் பழகுவார். உள்ளே இருந்தவர்கள் பாதியில் எழும்பி ஓடிவந்திருக்கிறார்கள்.

"ஆண் வான்கோழி சத்தம் பொறுக்காது," என்பார். "விடியப்புறம் ஆந்தை. வெளிச்சம் வந்தாக் காகம். ரெண்டுக்கும் மசியாட்டி வந்த வானின்ரை கதவைப் படாரெண்டு அடிச்சுச் சாத்து. 'ஆரடா அது' எண்டு கத்தும். கத்தினா இடம் தெரிஞ்சிடும். பிறகென்ன, வெடிதான்."

ஒருமுறை கேக் தட்டு வண்டி ஒன்று கவிழ்ந்தது. கவிழ்த்தது அண்ணை. சுப்பர்வைசர் பேசியது என்னை. நான் வாய் திறக்கவில்லை. அண்ணையும் திறக்கவில்லை.

எனக்குக் காடு என்றால் பயம். துவக்கு என்றால் அதைவிடப் பயம். ஊரில் சண்டைக் காலத்தில் இரண்டையும் ஒன்றாகப் பார்த்தவன். காட்டில் யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாததால்தான் இன்றைக்கு இதை எழுதுகிறேன். இருந்தும் அடுத்த மாதம், ஒரு வைகாசிச் சனிக்கிழமை, அவரோடு வேட்டைக்குப் போனேன். வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம்.

"நீ மட்டும் வான்கோழி மாதிரிக் கத்திப்போடாதை. உள்ளுக்கை வேற ஆக்களும் துவக்கோட நிப்பினம்."

"நான் ஏன் அண்ணை கத்துறன்?"

"சொல்லேலாது. பயத்தில மனிசன் எப்பிடியும் கத்துவான்."

காட்டில் ஒரே மூடுபனி. கையை நீட்டினால் விரல் தெரியாது. அண்ணை ஆந்தை போட்டார். பதில் இல்லை. எங்கோ ஒரு வெடி கேட்டது. கால் தானாக ஓடியது. நினைவு வந்தபோது விழுந்த மரம் ஒன்றின் பின்னால் குப்புறக் கிடந்தேன். அண்ணை இல்லை.

தூரத்தில் காகம் கரைந்தது. நடுவில் இருமியது. அண்ணைதான்.

என் தலைக்கு நேர் மேலே, கிளையிலிருந்து, "களக் களக் களக்!"

வான்கோழி எனக்கு மேலே. கேட்டவன் எல்லாம் துவக்கை இந்தப் பக்கம்தான் திருப்புவான்.

வான் கதவு படாரென்றது. மேலே மறுபடியும் களக் களக். எனக்கு வலப்பக்கம் ஒரு சுள்ளி முறிந்தது. வான் இருந்தது இடப்பக்கம். அப்படியென்றால் இது யார்?

"எடேய், எங்கை நிக்கிறாய்? சத்தம் குடு!" இடப்பக்கத்திலிருந்து அண்ணை.

பல்லைக் கடித்தேன். வாயைத் திறந்தாலும் சுடுவான். திறக்காவிட்டாலும் சுடுவான். சுள்ளி இன்னும் கிட்ட முறிந்தது.

பிறகு பனிக்குள்ளிருந்து அண்ணையின் குரல், காடே அதிர:

"போன மாசம் கேக் வண்டியைக் கவிட்டது நீதானேடா!"

"நானில்லை! நீங்கள்தான்!"

பத்து வருடமாகத் தொழிற்சாலையில் கத்தாத கத்து. மேலே வான்கோழியும் சேர்ந்து கத்தியது. வலப்பக்கம் யாரோ ஆங்கிலத்தில் ஏசிக்கொண்டு போனான்.

அண்ணை விழுந்தடித்து வந்தார். துவக்கிலிருந்து தோட்டாவைக் கழற்றினார். இரண்டு தரம் கீழே விழுத்தினார். மேலே பார்க்கவே இல்லை. வான்கோழி ஆறுதலாகப் பறந்து போனது.

"ஓம், நான்தான் கவிட்டனான்," என்றார். "திங்கக்கிழமை சொல்லுறன்."

சொன்னார். பேச்சும் வாங்கினார்.

இப்போது அவர் பக்கத்து நகரான அஜக்ஸுக்குக் குடிபோய்விட்டார். நான் இன்னும் ஸ்காபரோவிலேயே, வோபர்னில், தனியாக. வேட்டைக்குப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் வரும். ஹலோ கிடையாது.

"வண்டியைக் கவிட்டது நீதானே?"

"நானில்லை. நீங்கள்தான்."

"ம். சரி," என்று வைத்துவிடுவார்.

நான் இருக்கிற இடம் தெரிந்தால் அவருக்குப் போதும்.