தைத்து மூடிய கடைசி அங்கம்

நூல் அறுந்துவிட்டது.

அறுக்க வேண்டும் என்று அவன் நினைக்கவே இல்லை. நாடகப் புத்தகத்தில் தைத்து மூடியிருந்த கடைசி அங்கத்தின் தாள்களை விரலால் லேசாக விரித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தான், அவ்வளவுதான். லிஃப்ட் மெக்கானிக்குக்கு அது தொழில் பழக்கம். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன பெட்டியையே அப்படி எட்டிப் பார்த்துச் சரிசெய்கிறவன், ஒரு புத்தகத்தை எட்டிப் பார்க்க மாட்டானா? 'பட்' என்று சின்னதாய் ஒரு சத்தம். சிவப்பு நூலின் ஒரு முனை புத்தகத்தில் இருந்தது. மறுமுனை அவன் விரலோடு வந்துவிட்டது.

மோட்டார் அறையில் வேறு யாரும் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரம். அறுந்தது அறுந்துவிட்டது, இனி படிக்காமல் இருந்து யாருக்கு என்ன லாபம் என்று யோசித்தான். கடைசி அங்கம் முழுவதையும் நின்றபடியே படித்து முடித்தான்.

பாலில் விஷம் வைத்து மாமாவைக் கொன்றது குடும்ப டாக்டர். அந்த டாக்டர் வேஷத்தைப் படித்துக்கொண்டிருந்தது இவன்.

அதற்குப் பிறகுதான் விரலில் தொங்கிய நூலைத் திரும்பப் பார்த்தான்.

வாரத்தில் ஒரு நாள் மாலை, கடையை மூடிய பிறகு, தையல்காரம்மா தன் கடையில் நாடகம் படிக்கும் கூட்டம் நடத்தினார். மேடை, ஒப்பனை எதுவும் கிடையாது. துணி வெட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரத்தை வாய்விட்டுப் படிப்பார்கள். வாரத்துக்கு ஓர் அங்கம். புத்தகங்களை அவரே கொடுப்பார். கொடுக்கும்போதே எல்லாப் பிரதியிலும் கடைசி அங்கத்தைச் சிவப்பு நூலால் தைத்து மூடியிருப்பார்.

"முடிவு தெரியாதவங்க மாதிரி படிக்கணும். இங்க அது ஒண்ணுதான் சட்டம்" என்று முதல் நாளே சொல்லியிருந்தார்.

அந்தச் சட்டம் வெறும் பேச்சு இல்லை. போன நாடகத்தின்போது ஒரு பேங்க் அதிகாரியைக் கூட்டத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். காலியான அந்த நாற்காலிதான் இவனுக்குக் கிடைத்தது. அவருக்கு என்ன ஆயிற்று என்று கூட்டத்துக்கு வரும் மருந்துக்கடை அக்காவிடம் ஒருமுறை கேட்டான். "தையல் விஷயம்" என்று சொல்லிவிட்டு அவள் தன் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிட்டாள்.

பகல் முழுக்க இவன் பேசுவது கம்பியோடும் கப்பியோடும்தான். லிஃப்டில் ஏறுகிறவர்கள்கூட எண்களைப் பார்ப்பார்களே தவிர இவன் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். அந்த மேசையில் மட்டும் இவன் டாக்டராகியிருக்கிறான், ஆள் குறைந்த ஒரு நாள் மாமாவின் மாமியாராகக்கூட ஆகியிருக்கிறான். அந்த நாற்காலி போனால் மறுபடி கப்பிதான்.

முதலில் அறுந்த நூலை முடிச்சுப் போட்டான். கம்பி முறுக்கிப் பழகிய கை. முடிச்சு சுண்டைக்காய் அளவுக்குப் புடைத்துக்கொண்டு நின்றது. புத்தகம் மூடவில்லை.

நூலை உருவிவிட்டுப் புது நூல் தேடினான். காவலாளியிடம் பச்சை நூல்தான் இருந்தது. அதனால் என்ன, மை இருக்கிறதே என்று சிவப்பு மையில் முக்கித் தைத்தான். நூல் பழுப்பாகத்தான் மாறியது. சிவப்பு முழுக்கத் தாளில் ஊறியது. கொலை நடந்தது நாடகத்தில் இல்லை, புத்தகத்திலேயே என்பது போல ஆகிவிட்டது.

சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு வீட்டில் தன் சொந்த அக்காவிடம் போய் நின்றான்.

"அக்கா, சின்னதா ஒரு தையல்."

"சட்டையா?"

"புத்தகம்."

அக்கா புத்தகத்தையும் தம்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "லிஃப்டுல மாட்டிக்கிச்சாடா இது?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான்.

"சரி, தைக்கிறேன். அதுக்கு முன்னாடி யார் கொன்னதுன்னு பாத்துக்கறேன்."

"ஐயோ, அதுதான்கா தப்பு."

"நீ பாத்தா ஆசை, நான் பாத்தா தப்பா? நகருடா, வெளிச்சத்தை மறைக்காத."

நின்றபடி ஆரம்பித்தவள் நடுவில் உட்கார்ந்தாள். அடுப்பில் வைத்தது தீயும் வாசனை வந்தது. "நீயே போய் அணைடா" என்றாள், தலையை நிமிர்த்தாமல். கடைசித் தாளைப் புரட்டிவிட்டு அவனை முறைத்தாள்.

"கூடவே இருந்து குழி பறிச்சிருக்கியே, பாவி."

"நான் இல்லக்கா. டாக்டர்."

"எல்லாம் ஒண்ணுதான்."

அதே கோபத்தில் மெஷினில் போட்டுக் கடகடவென்று ஓட்டிக் கொடுத்தாள். நல்ல சிவப்பு நூல், நேரான தையல். அவனுக்கு அப்பாடா என்று இருந்தது.

அந்த நிம்மதி மூன்றாம் அங்கத்தின் பாதி வரைக்கும்தான் நீடித்தது. கூட்டத்தில் பக்கத்தைப் புரட்டினான். தாள் வரவில்லை. இழுத்துப் பார்த்தான். அக்காவின் ஊசி கடைசி அங்கத்தோடு சேர்த்து அதற்கு முந்திய தாள்களையும் பிடித்துவிட்டிருந்தது. இன்றைக்குப் படிக்க வேண்டிய வசனம் உள்ளே இருந்தது.

"டாக்டர், உங்க வசனம்" என்றார் தையல்காரம்மா.

பக்கத்தில் கண் டாக்டர். நிஜ டாக்டரான அவர் நாடகத்தில் சமையல்காரர். அவர் பிரதியை எட்டிப் பார்க்கலாம் என்று இவன் சாய்ந்தான். அவர் குழந்தையை அணைப்பது போலப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் தனிப் புத்தகம் இருக்கே தம்பி."

எதிரே மருந்துக்கடை அக்காவின் பிரதிக்குப் போட்டிருந்த தடித்த அட்டை, பின்பக்கம் பாதியை மூடியிருந்தது. அதிலும் வழியில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். தெரிந்த வசனம்தானே என்று மனப்பாடமாகவே எடுத்துவிட்டான்.

"அம்மா, உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் அலமாரியில் இருந்த நீலக் குப்பியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது."

எல்லோரும் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினார்கள். சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. மூன்றாம் அங்கத்தில் நீலக் குப்பியே கிடையாது.

"நீலக் குப்பியா? அது அப்புறம்தானே..." என்று ஆரம்பித்த மருந்துக்கடை அக்காவுக்கு இருமல் வந்துவிட்டது.

"சும்மா... ஒரு ஊகம்" என்றான் இவன்.

"கலர் கூடவா?" என்றார் கண் டாக்டர் கூரையைப் பார்த்தபடி.

தையல்காரம்மா கையை நீட்டினார். "புத்தகத்தைக் குடுங்க."

கொடுத்தான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கட்டைவிரலால் தையலைத் தடவிக்கொண்டே போனார். மைக்கறையை முகர்ந்து பார்த்தார்.

"இது மெஷின் தையல். நான் கையாலதான் தைப்பேன்."

இனிமேல் மறைக்க எதுவும் இல்லை. அவன் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேசைக்கடியில் தள்ளினான்.

"ஆமாம்மா. பிரிச்சுட்டேன், படிச்சுட்டேன். கொன்னது நான்தான். அதாவது டாக்டர். மத்தவங்களுக்கும் கெடுத்துட்டேன், மன்னிச்சுக்குங்க. வர்றேன்."

மருந்துக்கடை அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்றுதான் அவன் நினைத்தான்.

"எங்க கிளம்பறீங்க?" தையல்காரம்மா கத்தரிக்கோலை எடுத்து, அவன் அக்கா போட்ட தையலை ஒரே இழுப்பில் பிரித்துப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "மாமா செத்துக் கிடக்கறார், அந்தம்மா பாதி அழுகையில நிக்கறாங்க. உட்காருங்க, வசனத்தைச் சொல்லுங்க. கொஞ்சம் அப்பாவியா சொல்லுங்க, இவ்வளவு நேரம் திருட்டு முழி முழிச்சீங்க."

அவன் உட்கார்ந்தான். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த நாற்காலியில் தனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் ஞாபகத்துக்கு வந்தார்.

"அப்போ அந்த பேங்க்காரரை மட்டும் ஏம்மா அனுப்புனீங்க? அவருக்கும் இதே தையல் விஷயம்தானே?"

தையல்காரம்மா பக்கத்தைப் புரட்டினார். டீ கிளாஸ்களை அடுக்கிக்கொண்டிருந்த அவருடைய கணவர்தான், இத்தனை வாரத்தில் முதல்முறையாக, வாயைத் திறந்தார்.

"கடைசி வரைக்கும் தையலைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தது அவர் ஒருத்தர்தான் தம்பி. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னு ஆசையே இல்லாத ஆளை வச்சுக்கிட்டு எப்படி நாடகம் படிக்கிறது?"