ஏழாம் நம்பர் அறைக் குழாய்

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

வாஷர் கட்டிலில் அசையாமல் படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே இருபதடி தூரத்தில் கடல். அந்தச் சத்தத்தைக் கேட்கத்தான் ஆறு மணி நேரம் பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர் காதில் விழுந்ததோ குளியலறையின் சொட் சொட் மட்டும்தான்.

"என்ன யோசனை?" என்றாள் மனைவி.

"கடலைப் பத்தி."

"கடல் இந்தப் பக்கம் இருக்கு. நீங்க பாத்ரூமைப் பார்த்துப் படுத்திருக்கீங்க."

வாஷர் என்பது பட்டப்பெயர். இருபத்தாறு வருடமாகக் குழாய் ரிப்பேர் செய்பவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? எந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனாலும் காபியைக் காட்டும் முன் ஒழுகுகிற இடத்தைக் காட்டுவார்கள். மச்சினன் கல்யாணத்துக் குடும்பப் போட்டோவில் அவருடைய கால்கள் மட்டும் இருக்கின்றன, கை கழுவும் தொட்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டு. மனைவி அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தாள். பாசத்தால் அல்ல.

இந்த மூன்று நாள் பயணத்துக்கு அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று.

"ஸ்பேனரைத் தொட்டீங்க, அடுத்த பஸ்ல எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். ஒரு மாசத்துக்குத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"நீ மட்டும் என்ன? போற இடமெல்லாம் ஊசியும் நூலுமா உட்கார்ந்துடற."

அவள் தையற்காரி. "சரி, நானும் தொடல. சத்தியம்," என்று கையில் அடித்துக் கொடுத்தாள். பிறகு அவருடைய பையைக் கவிழ்த்துக் கொட்டிச் சோதித்தாள். அவரும் பதிலுக்கு அவள் கைப்பையைச் சோதித்தார்.

விடுதிக்காரர் தங்கமான மனிதராகத் தெரிந்தார். பதிவேட்டில் பெயர், ஊர், தொழில் எல்லாம் எழுத வைத்தார். அதைப் படித்துவிட்டு, எடுத்த சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டி, ஏழாம் நம்பர் சாவியை நீட்டினார்.

"உங்க ரெண்டு பேருக்கும் இதுதான் சரியா இருக்கும். கடல் நேரா தெரியும்."

நேராகத்தான் தெரிந்தது. ஜன்னல் திரையில் முழ நீளத்துக்குக் கிழிசல்.

"கரையோரமா நடக்கலாமா?" என்றாள் மனைவி.

"வயிறு சரியில்ல. நீ போயிட்டு வா."

அவள் வற்புறுத்தவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தப்பித்தோம் என்று அவர் எழுந்தார்.

கையால் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். கையில் ஸ்பேனர் இல்லை, சத்தியத்துக்குப் பங்கமும் இல்லை. முறுக்கினார். கைப்பிடி கையோடு வந்தது. சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது.

கீழே ஓடினார். "சார், ஒரு ஸ்பேனர் கிடைக்குமா?"

"பத்து இஞ்சா, பன்னெண்டா?" விடுதிக்காரர் மேசை இழுப்பறையைத் திறந்தார். "வாஷரும் இருக்கு, அரை இஞ்சு, முக்கால் இஞ்சு. நீங்க எதுக்கு சிரமப்படறீங்க, நான் ஆளை..."

"வேணாம் சார்! நான்தான் உடைச்சேன், நானே பார்த்துக்கறேன். என் சம்சாரத்துக்கு மட்டும் தெரியவே கூடாது."

"அப்ப சரி," என்றார் விடுதிக்காரர், சட்டென்று.

ஸ்பேனரைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேலே வந்தார். வாஷர் மாற்றக் கை கழுவும் தொட்டிக்கடியில் இருந்த வால்வை மூட வேண்டும். மாட்டிய நாளிலிருந்து யாரும் திருப்பாத வால்வு. திருப்பியதும் அது தன் பங்குக்குப் பீய்ச்சியது. அதை நிறுத்த மொட்டை மாடிக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டியின் பெரிய வால்வை மூடினார். மொத்த விடுதிக்கும் தண்ணீர் நின்றது.

நாலாம் நம்பர்க்காரர் தலை நிறைய சோப்போடு வராந்தாவுக்கு வந்து நின்றார். "எவன்யா தண்ணிய நிறுத்தினது? கண்ணு எரியுதுய்யா!"

"இதோ வந்துடும் சார், கண்ணை மூடிக்கோங்க!"

பதற்றத்தில் பெரிய வால்வை ஒரே திருப்பில் முழுசாகத் திறந்தார். பல வருடமாக மெல்ல ஊர்ந்துகொண்டிருந்த தண்ணீர் முட்டிமோதி இறங்கியது. நாலில் ஷவர் தெறித்தது, ஆறில் ஃப்ளஷ் டேங்க் வழிந்தது, சமையலறைக் குழாய் கழன்றே விழுந்தது.

சாயங்காலம் மனைவி வந்தாள். "வயிறு எப்படி இருக்கு?"

"ஓடிக்கிட்டே இருக்கு."

"சட்டை ஏன் நனைஞ்சிருக்கு?"

"கடல்ல இறங்கினேன்."

அவள் மேற்கொண்டு கேட்கவில்லை. அவள் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"கையில என்ன?"

"சிப்பி கிழிச்சிடுச்சு."

மறுநாள் நாலையும் ஆறையும் முடித்தார். மூன்றாம் நாள் காலை மாடித் தொட்டியருகே நின்று கடைசி இணைப்பைக் கையாலேயே இறுக்கிவிட்டுக் கரையைப் பார்த்தார். ஒரு குடை, ஒரு நாய், கவிழ்த்துப் போட்ட ஒரு படகு. மனைவி இல்லை. நேற்றும் அவள் அங்கே இல்லை என்பது இப்போதுதான் உறைத்தது.

கூடவே இன்னொன்றும் உறைத்தது. ஸ்பேனர் எங்கே?

அறைக்கு ஓடினார். தலையணை மேல் ஸ்பேனர் படுத்திருந்தது. அவள் கைப்பை இல்லை. அக்கா வீட்டுக்குப் போகும் பஸ் பதினொரு மணிக்கு. மணி பத்தே முக்கால்.

ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டு பின்வழியாகப் பாய்ந்தார். துணி துவைக்கும் அறையைத் தாண்டும்போது உள்ளே கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. இருபது வருடமாக அவருடைய மதியத் தூக்கத்தைக் கெடுக்கும் சத்தம். எட்டிப் பார்த்தார்.

தையல் மெஷினில் மனைவி. கழுத்தில் அளவு நாடா, மடியில் ஜன்னல் திரை. பக்கத்தில், அறை துடைக்கும் அம்மாள் தைத்த திரைகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

மெஷின் நின்றது. மனைவி ஸ்பேனரைப் பார்த்தாள். அவர் ஊசியைப் பார்த்தார்.

"நம்ம ரூம் திரையை லேசா இழுத்தேன்," என்றாள் அவள். "முழுசா கிழிஞ்சிடுச்சு. ஒரு தையல்தானேன்னு..."

"ஒரு வாஷர்தானேன்னு..."

"எத்தனை குழாய்?"

"ஒம்பது. நீ?"

"பதினாலு திரை. மெத்தை உறை ரெண்டு."

"சிப்பி?"

"ஊசி."

அவர் ஸ்பேனரைத் தரையில் வைத்தார்.

"இப்ப யாரு உங்க அக்கா வீட்டுக்குப் போறது?" என்றார் வாஷர்.

"யாரும் போக வேணாம். அங்கயும் குழாய் ஒழுகுது." பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். "பாவம்ங்க அந்த மனுஷன். அவர் சாமானை எல்லாம் உடைச்சுக் கிழிச்சு வெச்சிருக்கோம், ஒரு வார்த்தை திட்டல பாருங்க."

கிளம்பும்போது இருவரும் விடுதிக்காரர் மேசைமுன் தலையைக் குனிந்து நின்றார்கள்.

"எங்களால உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. மன்னிச்சுக்கோங்க."

"சேச்சே, மனசுல வெச்சுக்காதீங்க. மனுஷன்னா கை தவறத்தான் செய்யும். அடுத்த வருஷமும் நீங்க அவசியம் வரணும்," என்றார் விடுதிக்காரர். குரல் தழுதழுத்தது. மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

அவர்களுக்குப் பின்னால் ஒரு புதுத் தம்பதி பெட்டியோடு காத்திருந்தது. கணவன் முன்னால் வந்து பதிவேட்டில் எழுதினான். விடுதிக்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

"தொழில்... எலக்ட்ரீஷியன். அப்படியா, ரொம்ப சந்தோஷம்." கை பழக்கத்தில் ஏழாம் நம்பர் சாவியிடம் போனது.

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிராமலே சொன்னாள்:

"ஏழு முடிஞ்சிடுச்சுங்கய்யா. ஃபேன் சுத்தாத ரூமா பார்த்துக் குடுங்க."