புலிவரி சீட்

மதில் சுவர் சரிந்த சத்தம் கேட்டு ஃபிரிட்ஜ் மெக்கானிக் குளித்த ஈரத்தோடு ஓடி வந்தார். செங்கல் குவியலுக்கு வெளியே தெரிந்தது, புலிவரி உறை போட்ட பைக் சீட்டின் நுனி மட்டும்தான்.

"போச்சு. என் வண்டி போச்சு." அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"போனா வேற வாங்கிடுவீங்க. உங்களுக்கு இதெல்லாம் புதுசா?" என்றார் மாடி வீட்டுக்காரர்.

குத்தல் நியாயம்தான். மூன்று வருஷத்தில் ஏழு வண்டி மாற்றிய மனிதர். ஒன்றில் முதுகு வலி, ஒன்றுக்கு ஹாரன் கீச்சுக்குரல், ஒன்று ராசியில்லை. வண்டி மாறுமே தவிர, கறுப்பு நிறம் மாறாது. வாங்கிய அன்றே புலிவரி உறையும் ஏறிவிடும்.

இந்த முறை வேறு வாங்க வழியில்லை. கையிலிருந்ததையெல்லாம் இதில்தான் கொட்டியிருந்தார். இனி கருவிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டா வீடு வீடாகப் போவது?

மிச்சமிருந்தது இன்சூரன்ஸ். ஓடினார்.

"வண்டி நம்பர் சொல்லுங்க சார்," என்றாள் கவுன்ட்டர் பெண்.

சொன்னார்.

"இது ரெண்டு வண்டிக்கு முந்தினது."

வேறொன்று சொன்னார்.

"இது உங்க போன் நம்பரோட கடைசி நாலு."

கடைசியில் அவளே தேடி எடுத்தாள். "பாலிசி உங்க போன வண்டி மேலதான் இருக்கு. வண்டி மாத்தின அன்னிக்கே இதையும் மாத்தியிருக்கணும்."

"அத மச்சினனுக்குக் குடுத்து மூணு மாசமாச்சும்மா. இந்தப் புது வண்டியாவது நிலைக்குமான்னு பாத்துட்டு மாத்தலாம்னு இருந்தேன்."

"நிலைக்கலையே சார்."

"இப்ப மாத்திடுங்க."

மாற்றினாள். "இந்த நிமிஷத்துலேர்ந்து செல்லும். சுவர் காலையிலயே விழுந்துடுச்சுன்னீங்களே?"

"தேதிய மட்டும் கொஞ்சம் முந்திப் போடுங்கம்மா. புள்ளகுட்டிக்காரன்."

அவளுக்கு இரக்கம் வந்தது. அதுதான் வினை. "பழைய வண்டி எப்ப கைமாறிச்சுன்னு எழுதிக் குடுங்க. மேலதிகாரிக்கு அனுப்பிப் பாக்கறேன்."

கைப்பட எழுதினார். மூன்று மாதமாகப் பழைய வண்டிக்கும் தமக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை என்று எழுதினார். கடிதம் கொஞ்சம் கனமாக இருக்கட்டும் என்று, அந்த வண்டிக்கு என்ன நேர்ந்தாலும் ஒரு காசு கேட்க மாட்டேன் என்று யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார்.

அரை மணியில் பதில் வந்தது. பழைய வண்டிக்குப் பாலிசி மூன்று மாதத்துக்கு முன்பே ரத்து. புது வண்டிக்கு இன்றுதான் ஆரம்பம்.

"அப்ப நடுவுல?"

"நடுவுல நீங்க வண்டியே இல்லாதவர் மாதிரிதான் சார்."

"அந்தக் கடுதாசியத் திருப்பிக் குடுத்துடும்மா."

"முத்திரை விழுந்துடுச்சு."

நடந்தே வீடு திரும்பினார். வழியில் மூன்று பேர் ஃபிரிட்ஜ் ரிப்பேருக்கு அழைத்தார்கள். போனை எடுக்க மனம் வரவில்லை. ஊரில் எல்லாருக்கும் ஒரு வண்டி போதும். எனக்கு மட்டும் எப்போதும் வேறு வண்டி வேண்டியிருந்ததே, பாவி என்று தம்மையே திட்டிக்கொண்டு செங்கல் குவியல் மேல் உட்கார்ந்தார். பாவம், அழக்கூடத் தெம்பில்லை.

வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கறுப்பு. கீறல்கூட இல்லை. புலிவரி சீட்டிலிருந்து இறங்கினான், பக்கத்துத் தெரு மச்சினன்.

"இது யாருதுடா?" என்றார்.

"உங்களுதுதான் அத்தான். காலைல இங்க வந்தேன், கிளம்பறப்ப என் வண்டி ஸ்டார்ட்டே ஆகல. நீங்க குளிச்சிட்டிருந்தீங்க. ஆணில தொங்கின சாவிய எடுத்துக்கிட்டு, என்னுத உங்க இடத்துல விட்டுட்டுப் போயிட்டேன்."

மெக்கானிக் எழுந்து போய் ஹாண்டில்பாரைக் கட்டிக்கொண்டார். செத்த பிள்ளை திரும்பி வந்தது போல அதைத் தடவித் தடவிப் பார்த்தார்.

மச்சினன் அப்போதுதான் செங்கல் குவியலைக் கவனித்தான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். பிறகு அவர் தோளில் கை வைத்தான்.

"விடுங்க அத்தான், கவலப்படாதீங்க. நல்ல வேளை, நான் இன்னும் பேர் மாத்தல. அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் உங்க பேர்லதான ஓடிட்டிருக்கு?"