பூசணிக்குப் போன கொஞ்சல்

ஒரு பூசணிக்கொடியை ஒழித்துக்கட்டியே தீருவதென்று சபதம் எடுத்தேன். மறைத்துச் சொல்வானேன்? பொறாமைதான்.

சிங்கப்பூருக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முன்னால், சிராங்கூன் ரோட்டுக் கடையில் வேலை முடிந்து தேக்கா வீட்டுக்கு வந்தால், என் மனைவி தங்கம் வாசலிலேயே "சாப்பிட்டீங்களா?" என்பாள். இப்போது கேட்பதில்லை. கேட்டால் போட வேண்டுமே! மரவள்ளிக்கிழங்கே அரை வயிற்றுக்குத்தான். எனக்கும் புரிகிறது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்கு ஏங்கிப்போனேன். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

அவளுடைய கொஞ்சலெல்லாம் கொல்லையில் அவள் நட்ட பூசணிக்கொடிக்குக் குடிபோய்விட்டது.

"என் ராசா, குடிச்சியா? இன்னும் கொஞ்சம் ஊத்தவா?"

"தங்கம், ராசா இங்க இருக்கேன்."

"நீங்க காய்ப்பீங்களா?"

கொடியைப் பிடுங்கினால் என்னையும் பிடுங்கிப் போட்டுவிடுவாள். அதனால் திட்டத்தை மாற்றினேன். தண்ணீர் ஊற்றும் வேலையை நானே எடுத்துக்கொண்டால் அவள் கொடிப் பக்கமே போகமாட்டாள். மிச்சமாகும் கொஞ்சல் எனக்குத்தானே வரும்?

"நாளைலேருந்து நான் ஊத்துறேன்."

"உங்களால முடியாது லா. வண்டு வரலேன்னா ஆண் பூவைப் பறிச்சுப் பெண் பூவுல தடவணும்."

"அப்புறம் அந்த ஆண் பூவை?"

"தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்."

மீசையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டேன்.

குழாயடியிலிருந்து குடம் சுமந்தேன். முதலில் கடனே என்றுதான். போகப்போக, கொடியின் நுனி வேலியைத் தேடித் துழாவுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுவேன். முதல் பிஞ்சு மஞ்சளித்து உதிர்ந்தபோது அதைக் கொடியின் காலடியிலேயே புதைத்தேன். அடுத்தது நின்றது. "இரு ராசா, நீயாவது இரு" என்று கெஞ்சினேன். யாராவது கேட்டார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

தங்கத்திடமிருந்து மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாக வரவில்லை.

ஒருநாள் குடத்தோடு வரும்போது, வேலியோரம் பக்கத்து வீட்டு மைமூனின் குரல் கேட்டது.

"எங்க வீட்டுக்காரரு ஒரு சொம்புத் தண்ணி தூக்கமாட்டேங்கிறாருக்கா."

"அவருகிட்ட கேக்காதீங்க லா," என்றாள் தங்கம். "அவரு காதுல விழற மாதிரி செடியைக் கொஞ்சுங்க. எங்க வீட்டுல ஒரே வாரத்துல குடத்தைத் தூக்கிட்டாரு!"

எனக்கு வந்த கோபத்துக்குக் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு உள்ளே போயிருப்பேன். ஆனால் வெயிலில் இலையெல்லாம் தொங்கிப்போய், கொடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊற்றிவிட்டு, அடுத்த குடத்துக்குப் போனேன்.