ஐந்து மாத்திரைக் காப்பி

"நூத்தித் தொண்ணூறா? மூணு மாத்திரை சாப்பிட்டுமா?" டாக்டர் ஹியாம் ரத்த அழுத்தமானியைத் தட்டிப் பார்த்தார்.

"என் கையாலேயே குடுக்கிறேன் டாக்டர். ஒருநாள் தப்பினதில்ல," என்றாள் உம்மு ஃபாரிஸ்.

அது பொய்யன்று. மாத்திரையைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்பவர் அவள் கணவர் அபூ ஃபாரிஸ். ஆகையால் அவள் அவற்றைப் பொடித்து, அவரறியாமல் காலைக் காப்பியில் கலந்து வந்தாள். அம்மான் நகரில் நீட்டிய காப்பியை மறுத்த ஆண்மகன் எவனும் இலன் என்பதில் அவளுக்கு அசைக்கவொண்ணாத நம்பிக்கை.

நான்காவது மாத்திரை வந்தது. காப்பியில் ஏலக்காயைக் கூட்டினாள். அழுத்தம் இருநூறாயிற்று. ஐந்தாவதும் வந்தது. இருநூற்றுப் பத்து! கோப்பை மட்டும் நாள்தோறும் அவர் காப்பி குடிக்க உட்காரும் பலகணியிலிருந்து காலியாகவே திரும்பியது.

"இது மருந்துக்கு அடங்காது," என்றார் டாக்டர். "இப்படியே விட்டா மூளையில ரத்தம் கசியும். தொடை வழியா மெல்லிசா ஒரு குழாய விட்டு, சிறுநீரகத்துக்குப் போற ரத்தக் குழாயச் சுத்தியிருக்கிற நரம்புக்குச் சூடு வச்சிரலாம். புதன்கிழமை வந்து படுங்க, மறுநாள் செஞ்சிரலாம்."

"சூடா? உள்ளேயா?" அபூ ஃபாரிஸ் வெளிறிப் போனார்.

"வலி தெரியாதாம். ஆம்பளையா இருங்க," என்றாள் மனைவி.

புதன்கிழமை மாத்திரைத் தட்டுடன் நர்ஸ் வந்தாள்.

"அது என் பொறுப்பு, மகளே," என்று உம்மு ஃபாரிஸ் அவளைத் திருப்பியனுப்பிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த காப்பிக் குடுவையிலிருந்து கோப்பையை நிரப்பிக் கணவர் கையில் கொடுத்தாள்.

அந்நேரம் பக்கத்து வீட்டு அபூ ரஷாத் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்தார்.

"என்ன அண்ணே, தக்காளிக் கூடையில விழுந்தீங்களாமே!" என்று சிரித்தாள் அவள்.

"வயசாகுதும்மா."

அவள் சிகிச்சைக்கான ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடச் சென்று, ஒருமணி நேரம் கழித்துத் திரும்பினாள். கோப்பை காலி. அபூ ஃபாரிஸ் கம்பீரமாக அமர்ந்திருந்தார். அபூ ரஷாத் தரையில் கிடந்தார்.

டாக்டர் ஓடிவந்து அவர் கையில் பட்டையைச் சுற்றினார். "எண்பது! கால மேல தூக்குங்க! ஐயா, அழுத்தத்துக்கு எத்தனை மாத்திரை சாப்பிடுறீங்க?"

அபூ ரஷாத் மெல்லக் கண்விழித்தார்.

"எனக்கு அழுத்தமே கெடையாது டாக்டர். காப்பி கசக்குதுன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லப் பயந்துகிட்டு, இந்த ஆளுதான் தெனமும் பலகணி வழியா கோப்பைய என்கிட்ட நீட்டுறாரு. நீட்டின காப்பிய நான் எப்படி மறுக்கிறது?"