கண்ணாடி வீட்டு டோக்கன்காரர்

எங்கள் டோக்கன்காரரைப் போன்ற பிடிவாதக்காரரைப் பிரம்மா அவருக்கு முன்னும் படைக்கவில்லை, பின்னும் படைக்கத் துணியவில்லை. ஊரிகம் தங்கச் சுரங்க வாயிலில், கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிற ஒவ்வொருவருக்கும் டோக்கன் கொடுத்து, ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவது அவர் வேலை. ஆணி காலியாக இருந்தால் ஆள் இன்னும் உள்ளே என்று அர்த்தம். முழங்கால் மடங்க மறுத்த பிறகு அவரைப் பூங்காக் கண்ணாடி வீட்டுக்குக் காவலராகப் போட்டார்கள்.

அங்கே இருந்தவை சீமைப் பெரணிகள், ஆர்க்கிட், தொட்டிப் பனைகள், முள்ளே இல்லாத ஒரு கள்ளி. மனிதர் அசரவில்லை. வாசலில் ஆணி அடித்துத் தகர டோக்கன்களை மாட்டிவிட்டார். துரைசானியே வந்தாலும் டோக்கன் வாங்கித்தான் பெரணியைப் பார்க்க வேண்டும். பனைகளுக்கு நடுவே கண்ணயர்ந்துவிட்ட பாதிரியாரைத் தேட ஸ்ட்ரெச்சரோடு ஆள் அனுப்பினார் என்றால் பாருங்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அதே சுரங்கத்தில் வேலை பார்த்த நானும் என் மச்சானும் போனோம். மச்சானுக்குச் செடியைவிடக் கள்ளில் பிரியம் அதிகம். பின்பக்க ஜன்னல் வழியே டோக்கனோடு நழுவிவிட்டான். சற்று நேரத்தில் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. கூரைக் கண்ணாடி உடைந்து கொட்டியது. டோக்கன்காரர் எல்லாரையும் வெளியேற்றி, டோக்கன்களை மாட்டினார். ஓர் ஆணி காலி. உடனே கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நொண்டியபடி உள்ளே போனார்.

"அவன் கள்ளுக்கடையில கீறான். வெளிய வாங்க பெரியவரே" என்றேன்.

"டோக்கன் வரலையே நைனா. மின்னாடி சொரங்கத்துல இப்டிதான் ஆணி காலியா இருந்துச்சு, ஆளு வூட்டுக்குப் போய்ட்டான்னு சொன்னாங்க. நம்பிட்டேன். அவன் உள்ளதான் இருந்தான்."

கள்ளுக்கடைக்கு ஓடினேன். மச்சானை இழுத்துக்கொண்டு திரும்பியபோது, அவர் நெற்றியில் ரத்தம் வழியப் பெரணிகளை விலக்கி விலக்கி அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மச்சான் டோக்கனை நீட்டினான். திட்டு விழும் என்று பார்த்தால், அவர் அவன் தலை, தோள், கை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

"வந்துட்டியா" என்று மட்டும் கேட்டார். டோக்கனை மாட்டிவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

மச்சான் கள்ளை விட்டானா என்றால், இல்லை. ஆனால் அன்று முதல் ஷிப்டு முடிந்தால் பூங்கா வாசலில் முகத்தைக் காட்டிவிட்டுத்தான் கடைக்கே போவான். நானும் கூடப் போவேன். அந்தக் கிழவர் எங்களைப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான், பத்திரமாக மேலே வந்துவிட்டோம் என்று எங்களுக்கே நம்பிக்கை வரும்.