சபூராவின் வயிற்றில் ஒரு தோணி

'எனக்குள்ள ஒரு தோணி போகுது. ஆரோ அதில வெளக்குக் கொழுத்தி வெச்சிரிக்காங்க.'

சபூரா இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கணவர் சரீப் உடனே ஓதிப் பார்க்க ஆள் கூட்டி வந்துவிடுவார்.

தோணி என்பது ஒரு கெப்சூல். வயிற்றுக்குள் போய் அங்கிருக்கும் கிருமிகளை மோப்பம் பிடிக்கும் நுண்கருவி அதற்குள் இருந்தது. பல்கலைக்கழக மாணவி சர்மிலா தன் ஆய்வுக்காகக் கொண்டுவந்து தந்தாள். கூடவே தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். நல்ல கிருமி என்றால் பச்சை மினுங்கும், கூடாத கிருமி என்றால் சிவப்பு.

கெப்சூலின் உறை ஹலாலா என்ற கேள்வியைக் கிளப்பியவர் சரீப்தான். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மௌலவியிடம் போனார். திரும்பி வந்து, "தாவரத்தில செஞ்சதாம், பயமில்லாம முழுங்கட்டாம்" என்று தன் கையாலேயே அவள் உள்ளங்கையில் வைத்தார். சபூரா கண்ணை மூடி, பிஸ்மி சொல்லி விழுங்கினாள்.

உனக்குள் என்ன நடக்கிறது என்று இந்த வீட்டில் அவளை யாரும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்க வந்தது அந்தக் கெப்சூல்தான்.

மத்தியானமே பெட்டி சிவப்பாக மினுங்கத் தொடங்கியது.

"யா அல்லாஹ்! என்ன புள்ள இது, வயிறா குப்பக் கெடங்கா?" என்றார் சரீப்.

"எனக்கு ஒண்டும் செய்யல்லயே. சொகமாத்தான் இரிக்கி."

"ஒனக்கென்ன தெரியும்? பெட்டி செல்லுது!"

வல்லாரைக் கஞ்சி வந்தது. குடித்தாள். சிவப்பு குறையவில்லை. இறைச்சி ஆணத்தை அவளுக்குத் தடை செய்தார். வீணாகக் கூடாதென்று அவளுடைய பங்கையும் அவரே சாப்பிட்டார். சிவப்பு இன்னும் வேகமாகத் துடித்தது.

அவர் தேத்தண்ணிக் கடைக்குப் போனால் மட்டும் பெட்டி அணைந்துவிடும். அப்போது சபூரா யன்னலோரம் உட்கார்ந்து வாவியைப் பார்த்திருப்பாள். வெளியே தண்ணீர், உள்ளேயும் தண்ணீர்; இரண்டிலும் காற்றில்லை. 'இவர் இல்லாட்டி எனக்குள்ள கிருமியும் நித்திர கொள்ளுது' என்று தோன்றும். உடனே வெட்கமாக இருக்கும். மனதில் இருப்பதைப் பெட்டி சர்மிலாவிடம் காட்டிக்கொடுத்துவிடுமோ?

அடுத்த நாள் காலையில் சரீபின் தங்கை றஸீனா போன் எடுத்தாள். அவளுடைய மகளுக்குக் கல்யாணம். பந்திக்கு இனிப்பான வட்டிலப்பம் சபூராவின் கையால்தான் என்று எப்போதோ பேசி முடித்தது.

"கோவிக்காதீங்க மச்சி. வட்டிலப்பத்துக்கு வேற ஆளப் பாக்கம். ஒங்கிட வயித்தில கிருமி கொதிக்குதாமே?"

"ஆரு செல்லின?"

"நாநாதான். கடையில வெச்சி எல்லாருக்கிட்டயும் செல்லியிரிக்காரு."

சபூரா போனை வைத்தாள். ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே பெயர் அந்த வட்டிலப்பம்.

"நான் ஒன்ட நன்மைக்குத்தானே செல்லின" என்ற சரீப், அன்று கடைக்கே போகாமல் அவளைக் காவல் காத்தார். பெட்டி ஓயாமல் சிவந்தது.

பின்னேரம் சர்மிலா வந்தாள். பெட்டியை வாங்கிப் பார்த்தவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"அக்கா, நீங்க ஒருக்கா வாவிக்கரைப் பக்கம் போய் நில்லுங்க."

சபூரா போனாள். சர்மிலாவின் கையில் பெட்டி சிவந்தபடியே இருந்தது.

"சேர், இப்ப நீங்க போங்க. இன்னும் தூரத்துக்கு... சந்தி வரைக்கும்."

பெட்டி அணைந்தது. அவர் திரும்பி வர வர, மறுபடி துடித்தது. சர்மிலா சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சேர், கெப்சூல் உங்கட வயித்துக்குள்ளதான் இருக்கு."

சரீபின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அவர் அன்றாடம் போடும் காஸ்ட்ரிக் கெப்சூலும் அதே பையில்தான் கிடந்தது.

அப்படியானால் இவ்வளவு நேரமும் தனக்குள் மிதந்தது எது? சபூரா உள்ளே பார்த்தாள். தோணி இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தது, விளக்கோடு.

சரீப் அவளருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "சபூரா, வெளிய செல்லிப்போடாத. ஒன்ட வயிறெண்டே இரிக்கட்டும். எனக்கு ஊருக்குள்ள ஒரு மரியாத இரிக்கெல்லோ?"

"ஏலாதுங்க" என்றாள் அவள் மெதுவாக. "அது ஒங்கிட வயிறு."